இன்டர்வியூவுக்கு முன்னாடியே ஆதார், பான், பாஸ்புக் கேட்கற கன்சல்டன்சி: கொடுக்கலாமா?

ஈரோடு செல்வி

வணக்கமுங்க. என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, சென்னையில ஒரு கன்சல்டன்சிக்கு பயோடேட்டா அனுப்பினான். மறுநாளே அங்கிருந்து ஒரு பொண்ணு வாட்ஸ்அப்ல வந்து ஆதார் முன்பக்கம் பின்பக்கம், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பத்தாவது மார்க் ஷீட், நாமினிக்கு அம்மாவோட ஆதார் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. இன்டர்வியூ என்னைக்குன்னுகூட இன்னும் சொல்லலைங்க. தம்பி ஆதாரும் பானும் அனுப்பிட்டான். அம்மாகிட்ட ஆதார் கேட்டப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. மத்ததை நிறுத்தி வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் லோன் வேணுமா லோன் வேணுமான்னு அவனுக்கு ஓயாம கால் வருது. நாங்க பேரே கேள்விப்படாத வேற கன்சல்டன்சில இருந்தும் பேசறாங்க. படிப்பு, ஊரு, அவன் எதிர்பார்க்கற சம்பளம் வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒழுங்கா நடத்தறவங்க இந்த விவரத்தையெல்லாம் எப்படி வச்சுக்குவாங்க? எந்தக் கட்டத்துல எதைக் கேட்கறது நியாயம்? அனுப்பினதை அழிங்கன்னு கேட்க முடியுமா? கேட்டா வேலையைக் கெடுத்துடுவாங்களோன்னு அம்மா பயப்படறாங்க. இந்தத் துறையில இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.

பிரபு

எல்லா இடத்திலயும் கேட்கத்தாங்க செய்யறாங்க. லாட்ஜ்ல ரூம் போட்டாகூட ஆதார் ஜெராக்ஸ் வாங்கறான். நாம யோசிச்சுட்டு இருக்கற நேரத்துல அடுத்த பையன் அனுப்பி ஜாயின் பண்ணிடுவான். கொடுத்துட்டு வேலையைப் பாருங்க.

மாலதி அம்பத்தூர்

செல்வி, அம்மா ஆதாரை நிறுத்தி வைத்தது நல்ல காரியம். அப்படியே வைத்திருங்கள்.

நான் அம்பத்தூரில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் உள்ள தொழிற்சாலைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் தகவல் எங்கே கிடக்கிறது, யார் திறக்கிறார்கள், எப்போது அழிகிறது என்பதெல்லாம் என் பொறுப்பு. அதனால் உள்ளே நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன்.

முதல் கட்டத்தில் எங்களுக்குத் தேவைப்படுவது ரொம்பக் கொஞ்சம். பெயர், போன் நம்பர், படிப்பு, அனுபவம், எந்த ஊர், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். இதை வைத்தே ஒருவரை இன்டர்வியூ வரைக்கும் கொண்டுபோய்விடலாம். ஆதார் எண் தெரிந்தால் ஒருவருக்கு லேத் ஓட்டத் தெரியுமா என்று தெரிந்துவிடாது. ஸ்டேஷனரி கடையில் விற்கும் அச்சடித்த பயோடேட்டா பாரத்தில் அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனவரா என்றெல்லாம் கட்டம் போட்டிருக்கும். அப்படி எழுதிக் கொண்டுவருகிறவர்களிடம், அதையெல்லாம் விட்டுவிட்டு வேறொரு தாளில் எழுதித் தரச் சொல்கிறோம். நாங்கள் வாங்கி வைத்தால் அது யாரோ ஒருவர் கண்ணில் பட்டு, பிள்ளையின் வாய்ப்பு அங்கேயே குறைந்து போகலாம்.

இன்டர்வியூ முடிந்து தேர்வானால் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் வந்து ஜாயினிங் தேதி குறித்த பிறகுதான் பான், வங்கிக் கணக்கு, பிஎஃப் விவரம் எல்லாம். சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும், வரி பிடிக்க பான் வேண்டும், பிஎஃப் கணக்குக்கு ஆதார் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் வருகிற அன்றைக்குக் கேட்டால் போதும்.

அம்மா ஆதார் விஷயம் இதில் இன்னும் மோசம். பிஎஃப் நாமினியை ஊழியரே தன் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) வைத்து உள்ளே போய், பிஎஃப் இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம். வேலையில் சேர்ந்த பிறகு செய்கிற காரியம் அது. நடுவில் ஒரு ரெக்ரூட்டரின் போனில் உங்கள் அம்மாவின் ஆதார் போய் உட்கார வேண்டிய தேவையே இல்லை.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிற கால்களைப் பற்றி. யாரோ கம்ப்யூட்டரை உடைத்து எடுத்திருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலில் தகவல் கசிவது பெரும்பாலும் டிராக்கர் வழியாகத்தான். டிராக்கர் என்பது ஒரு எக்செல் ஷீட். ஒரு வரிக்கு ஓர் ஆள்: பெயர், நம்பர், படிப்பு, ஊர், கேட்கும் சம்பளம். ஒரு பெரிய கம்பெனி 50 ஆள் கேட்டால், அந்த ஆர்டரை வாங்கின கன்சல்டன்சி தன்னிடம் அவ்வளவு ஆள் இல்லாமல் இன்னும் நாலு சின்ன கன்சல்டன்சிக்கும், வீட்டிலிருந்து செய்கிற ஃப்ரீலான்ஸ் ரெக்ரூட்டர்களுக்கும் சொல்லிவிடும். எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார்கள். அந்த ஷீட் அதில் சுற்றும். படிப்பும் ஊரும் எதிர்பார்க்கும் சம்பளமும் சேர்ந்தே வெளியே போயிருக்கிறது என்றால் அது டிராக்கரின் ஒரு வரி என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு வழி, வேலையை விட்டுப் போகும் ரெக்ரூட்டர். அவர்களுக்கு இன்சென்டிவ், எத்தனை பேரை வேலையில் சேர்த்தார்கள் என்ற கணக்கில். அதனால் சேர்த்து வைத்த ஷீட்டை பென் டிரைவிலோ சொந்த மெயிலிலோ போட்டுக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறார்கள். 'சொந்த டேட்டாபேஸ் இருக்கா?' என்று இன்டர்வியூவிலேயே கேட்டு ரெக்ரூட்டர் எடுக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். அந்த டேட்டாபேஸில் இருக்கிறவர்கள் யாரும் அதற்குச் சம்மதித்தவர்கள் இல்லை.

இதற்கு நாங்கள் செய்திருப்பது பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. ரெக்ரூட்டர்களுக்கு ஆபீஸ் போன், ஆபீஸ் சிம். சொந்த வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் வாங்கக் கூடாது. ஆளுக்கு ஒரு லாகின், ஒருவர் லாகினை இன்னொருவர் தொடக் கூடாது. மொத்தப் பட்டியலை டவுன்லோடு செய்கிற வசதி அவர்கள் திரையில் இல்லை. யார் எந்த ரெஸ்யூமை எப்போது திறந்தார் என்று பதிவாகும், வாரக் கடைசியில் அதை நான் பார்ப்பேன். ஒருவர் ராஜினாமா கொடுத்தால் கடைசி நாள் வரை அவர் லாகின், அவர் அப்போது இன்டர்வியூவுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும் ஆட்களின் ரெஸ்யூமுக்கு மட்டும் திறக்கும்.

காகிதத்தையும் சொல்ல வேண்டும், அதை யாரும் நினைப்பதே இல்லை. வாக்-இன் நடக்கிற இடத்தில் வாசலில் ஒரு நோட்டு வைப்பார்கள். பேரு, நம்பர், கையெழுத்து. பத்தாவதாக வருகிறவர் முன்னால் வந்த ஒன்பது பேரின் நம்பரையும் படிப்பார், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நாங்கள் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து எழுதி வாங்கிக்கொள்கிறோம். மிஞ்சின ரெஸ்யூம்கள் முன்பெல்லாம் எந்த ஆபீஸிலும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். கடலை வாங்கின பொட்டலத்தில் ஒரு பெண்ணின் போட்டோவும் வீட்டு விலாசமும் இருந்ததை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் காகிதம் வெட்டும் மெஷின் இருக்கிறது, சாயங்காலம் அது ஓடாமல் யாரும் கதவைப் பூட்டுவதில்லை.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அவர்களைக் கேட்காமல் ரெஸ்யூமைக் கம்பெனிகளுக்கு அனுப்புவது. போகிற இடம் அவர்கள் இப்போது வேலை செய்யும் கம்பெனியின் குரூப் கம்பெனியாக இருக்கும். இல்லையென்றால் இந்த ஹெச்ஆருக்கு அந்த ஹெச்ஆர் பழக்கமாக இருப்பார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு 'வேற இடம் பார்க்கறியாமே' என்பார். இன்கிரிமென்ட் போகும், சில நேரம் வேலையே போகும். அதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுப்பும் முன்னால் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி 'அனுப்பலாமா' என்று கேட்டு, அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் எங்களிடம் ரெஸ்யூம் நகரும். அதுவும் முதலில் பெயர், நம்பர், இப்போதைய கம்பெனி பெயர் எடுத்துவிட்டுத்தான் போகும். கம்பெனி ஆளை நேரடியாகக் கூப்பிட்டுவிட்டால் எங்கள் கமிஷன் போகும் என்ற கணக்கும் இதில் இருக்கிறது. ஆனால் அதே ஏற்பாடுதான் அந்தப் பிள்ளையையும் காப்பாற்றுகிறது. பழைய வேலையைச் சரிபார்ப்பதும் அப்படித்தான்: ராஜினாமா ஏற்கப்பட்டது என்று அவர் சொல்லும் வரை இப்போதைய கம்பெனிக்கு ஒரு போன்கூடப் போகாது.

பிரபு சார், லாட்ஜில் கொடுக்கிறோம் என்பதால் எல்லா இடத்திலும் கொடுக்கலாம் என்று ஆகாது. ஆதார், பான், போட்டோ, பிறந்த தேதி நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அடுத்தவர் பெயரில் சிம் வாங்கவும், ஆன்லைனில் கடன் எடுக்கவும், ஜிஎஸ்டி பதியவும் முயற்சி செய்யப் போதும். வேலை தேடும் பிள்ளையின் அவசரத்தை வைத்து அதை வாங்குவது தப்பு.

ஓசூர் ரமேஷ்

மாலதி மேடம், நீங்க சொல்றது பெரிய ஆபீஸ்காரங்களுக்குச் சரி. நான் ஓசூர்ல ரெண்டு பேரை வச்சுக்கிட்டு கன்சல்டன்சி நடத்தறேன். லைன்-அப் (இன்டர்வியூவுக்கு வர்றவங்க லிஸ்ட்) அனுப்பும்போதே ஆதார் காப்பி வேணும்னு கம்பெனி ஹெச்ஆரே கேட்கறார். கேட் பாஸ் போடணும், 18 வயசு ஆயிடுச்சான்னு பார்க்கணும்கறார். நான் அனுப்பலைன்னா அடுத்த வெண்டர் அனுப்பிடுவார். ஆபீஸ் போன், சாஃப்ட்வேர்னு செலவு பண்ண எனக்கு எங்க கட்டுப்படியாகும்?

மாலதி அம்பத்தூர்

ரமேஷ் சார், எங்களிடமும் அதே ஹெச்ஆர்கள் அதையேதான் கேட்டார்கள். நாங்கள் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: கேட் பாஸுக்குப் பெயரும் ஆதாரின் கடைசி 4 எண்ணும் தருகிறோம், ஆள் அசல் கார்டைக் கொண்டுவருவார், செக்யூரிட்டி பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கட்டும். வயதையும் அந்த அசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். சில கம்பெனிகள் உடனே ஒத்துக்கொண்டன. பிடிவாதம் பிடித்த இடத்துக்கு மாஸ்க் செய்த ஆதார் போகிறது. ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்யும்போதே அந்த வசதி இருக்கிறது, முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டவுன்லோடு செய்த ஆதார் ஃபைலுக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே, பத்திரம் என்று நினைக்கிறார்கள். அந்த பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே முறை: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருஷம். ரெஸ்யூமிலேயே இரண்டும் இருக்கும். அதனால்தான் எங்களிடம் ரெஸ்யூமில் பிறந்த தேதி வேண்டாம் என்கிறோம்.

செலவு பற்றிச் சொன்னீர்கள். ஒரு புது சிம்மும் சாதாரண போனும் போதும். எக்செல்லிலேயே வைத்திருந்தாலும் பரவாயில்லை, அது ஒரே கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டோடு, உங்கள் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ஷீட்டைப் போடுவதை நிறுத்த ஒரு ரூபாய்கூட ஆகாது. தேர்வாகாதவர்களின் ஃபைலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். நாங்கள் ஒரு வருஷம் கழித்து 'இன்னும் வேலை தேடுகிறீர்களா, வைத்திருக்கலாமா' என்று மெசேஜ் அனுப்புவோம், பதில் வராவிட்டால் அழித்துவிடுவோம். அதில் பாதிப் பேருக்கு நம்பரே மாறிப்போயிருக்கும். பழைய ஷீட்டால் உங்களுக்கும் வருமானம் கிடையாது.

ஈரோடு செல்வி

ரொம்ப நன்றிங்க மாலதி அக்கா. ஒரு சந்தேகம். வேலை கம்பெனி ரோல்ல இல்லையாம், சம்பளமே அந்தக் கன்சல்டன்சிதான் போடுமாம். அப்ப அவங்க முதலாளி மாதிரிதானே? அதனால முன்னாடியே கேட்கற உரிமை அவங்களுக்கு வந்துடுமா?

மாலதி அம்பத்தூர்

காண்ட்ராக்ட் பே-ரோல் என்றால் பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளம் எல்லாம் அவர்கள்தான் பார்க்க வேண்டும், அதனால் ஆதாரும் வங்கிக் கணக்கும் அவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். ஆனால் அது ஆஃபர் கொடுத்து, ஆள் சேருகிற போது. இன்டர்வியூ தேதியே சொல்லாதவர்கள் இன்னும் யாருக்கும் முதலாளி ஆகவில்லை, தங்கச்சி. ஆஃபர் வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். ஆபீஸுக்கு நேரில் போய்க் கொடுக்கட்டும், இல்லையென்றால் கம்பெனி பெயரில் முடிகிற மெயில் முகவரிக்கு அனுப்பட்டும். ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே குறுக்கே, எந்த நிறுவனத்தில் எந்த வேலைக்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிவிடச் சொல்லுங்கள். யுஏஎன் இல்லாவிட்டால் உமாங் என்ற அரசு செயலியில் முகத்தைக் காட்டித் தம்பியே எடுத்துக்கொள்ளலாம். யார் கேட்டாலும் ஓடிபி மட்டும் சொல்லக் கூடாது. 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று பணம் கேட்டால் அந்த இடத்தைவிட்டு அப்படியே விலகிவிடுங்கள்.

வழக்கறிஞர் தென்காசி

சட்டப் பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் 2011இல் வந்த விதிகளும். வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம், கைரேகை போன்றவற்றை அந்த விதிகள் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவலாக வைக்கின்றன. அவற்றை வாங்க எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், புகாரை அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிட விரிவானது. அதில் ஆதார், பான், போன் நம்பர் எல்லாமே தனிநபர் தரவுதான். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் முதல் அமலுக்கு வருகின்றன. அதன்பின், எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்தாக வேண்டும், ஏனென்றால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்தும் அதில் வருகின்றன. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். காகிதத்தில் வாங்கி ஸ்கேன் செய்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆதார் பற்றி: தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க இடம் கொடுத்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்து செய்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் ஆதார் இல்லாமல் பேச மாட்டோம் என்று சொல்ல ஒரு கன்சல்டன்சிக்குச் சட்ட ஆதரவு இல்லை.

செல்வி, போனில் சண்டை போட வேண்டாம். தம்பி பெயரில் ஒரு மெயில் போதும். இந்தத் தேதியில் இந்த நம்பருக்கு ஆதார், பான் படங்கள் அனுப்பினேன். அவற்றை வைத்திருக்க நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள பிரதிகளை அழித்துவிட்டு எழுத்தில் சொல்லவும். யாருக்கு அனுப்பினீர்கள் என்றும் சொல்லவும். இந்த நான்கு வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம்.

ஈரோடு செல்வி

சார் சொன்ன மாதிரியே தம்பி மெயில் போட்டானுங்க. ரெண்டு நாள் பதில் இல்லை. அவங்க இணையதளத்துல குறைதீர் அலுவலர் பேரே இல்லை, அதனால பொது மெயிலுக்கு மறுபடி அனுப்பினான். அப்புறம் மேனேஜர்னு ஒருத்தர் பேசினார். அந்தப் பொண்ணு சொந்த போன்லதான் வாங்கியிருக்காங்க, படங்களை அழிச்சாச்சு, டிராக்கர்ல இருந்தும் பேரை எடுத்தாச்சுன்னு மெயில்லயும் எழுதி அனுப்பியிருக்கார். ஆனா டிராக்கர் வேற ரெண்டு 'பார்ட்னர்' கன்சல்டன்சிக்குப் போயிருக்குன்னு ஒத்துக்கிட்டார். அவங்க பேரைக் கேட்டிருக்கோம், இன்னும் வரலை. அம்மா பயந்த மாதிரி கோவமெல்லாம் படலைங்க. இன்டர்வியூ வேணும்னா வரச் சொல்லுங்கன்னுதான் சொன்னார். தம்பிக்கு இனி அங்க போக மனசில்லை, ஒரகடத்துக் கம்பெனி இணையதளத்துலயே நேரா விண்ணப்பிச்சுட்டான்.

லோன் கால் இன்னும் நிக்கலைங்க.

மாலதி அம்பத்தூர்

எழுத்தில் வாங்கியது பெரிய விஷயம், அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். பார்ட்னர்களின் பெயர் வந்ததும் அதே மெயிலை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

இனி தம்பி பக்கம் செய்ய வேண்டியது: சஞ்சார் சாத்தி என்ற தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தில் அவன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அவன் பெயரில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். வருமான வரிக் கணக்கில் உள்ளே போய் ஏஐஎஸ் (உங்கள் பான் எண்ணில் பதிவான வருமான விவரப் பட்டியல்) பாருங்கள், எங்கோ சம்பளம் வாங்கியதாகக் காட்டினால் அதுவும் பிடிபடும். இதில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியுங்கள்.

ஓசூர் ரமேஷ்

மேடம், புது சிம் வாங்கிட்டேன். கேட் பாஸுக்கு நீங்க எழுதின அந்த வாசகத்தை அப்படியே எங்க ஹெச்ஆருக்கு அனுப்பலாமா? இங்கிலீஷ்ல இருந்தா போடுங்க, நான் பேரை மட்டும் மாத்திக்கறேன்.

மாலதி அம்பத்தூர்

தாராளமாக. தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், ரமேஷ் சார். கடைசி வரியில் 'அசலைப் பார்த்த பின் நகல் எடுக்க வேண்டாம்' என்று இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். செக்யூரிட்டி கேபினில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் எப்போதும் இருக்கும்.